வாசகர் கேள்வி – பதில்: சிவனொளிபாதமலை ஏறுவோருக்கு

டிசம்பர் பௌர்ணமியன்று சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி அந்த மலையைப் பற்றித்தான். எல்லாருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்து இந்த இதழில் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் குடும்பமாக மலையேற எண்ணியிருக்கிறோம். அது நல்ல காலம்தானா?
– வாசகி, பருத்தித்துறை

பருவம் டிசம்பர் மாத உந்துவப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. அந்த 5 மாதங்களிலும் பாதை முழுக்க மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், பொலிஸாரும் முதலுதவிக்காரரும் இருப்பார்கள். ஆகவே ஏப்ரலில் ஏறலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு விடயங்களை யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கூட்டம். வார இறுதி, போயா, நீண்ட விடுமுறை ஆகிய நாட்களில் கடைசி ஏற்றத்தில் வரிசை நின்றுவிடும். ஒரு படி ஏறி ஐந்து நிமிடம் நிற்பது என்ற நிலையில், வியர்த்த உடம்போடு குளிரில் காத்திருக்கிற பிள்ளைகள்தான் அதிகம் துன்பப்படுவார்கள். இரண்டாவது, இடிமழை. மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிய, காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தாலும் பிற்பகலில் மலைநாட்டில் இடி மின்னலோடு மழை கொட்டுவது வழக்கம். உச்சி என்பது சுற்றுவட்டாரத்தில் மின்னலுக்கு மிக உயர்ந்த இலக்கு. ஏப்ரலில் போகிறவர்கள் முற்பகல் 11 மணிக்குள் அடிவாரத்து நல்லதண்ணிக்கு இறங்கிவிடும்படி திட்டமிட வேண்டும்.

எங்களைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, திங்கள் முதல் வியாழன் வரையுள்ள ஒரு நாளைச் சொல்வோம். பாடசாலையில் ஒரு நாள் லீவு போட்டாலும் அது வீண்போகாது.

கேள்வி: எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரிய உதயம் பார்க்கலாம்? ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள்.
– வாசகர், வவுனியா

ஆளுக்கொரு நேரம் சொல்வதில் பிழையில்லை. ஆளுக்கு ஆள் வேகம் வேறு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஒரு வழித் தூரம் 6 முதல் 7 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 1000 மீட்டர். படிகள் சுமார் 5500 என்று சொல்வார்கள். உச்சியின் உயரம் 2243 மீட்டர். தினமும் உடற்பயிற்சி செய்கிறவர் இரண்டரை மணி நேரத்தில் ஏறுவார். சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு மூன்று மணி, பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு நான்கு மணி அல்லது அதற்கு மேல். ஜனவரி கடைசியில் சூரியன் உதிப்பது காலை 6.20 – 6.25 அளவில். மே மாதத்தில் 6 மணிக்குச் சற்று முன்னரே உதித்துவிடும். கிழக்கு வெளுப்பது அதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கும், அந்த நிறங்களைத் தவறவிடக் கூடாது. ஆகவே 5.45க்கு மேலே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு உங்கள் வேகத்தைக் கழியுங்கள். சாதாரண நாளில், சாதாரண உடல்நிலைக்கு, அதிகாலை 2.00 – 2.30 சரியான நேரம்.

பலர் செய்யும் பிழை பிந்திப் போவதல்ல, முந்திப் போவது. இரவு 11 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கே உச்சிக்குப் போய்விடுகிறார்கள். மேலே இடம் சிறிது. சுற்றிவரத் திறந்த வெளி, காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் நடந்த சூடு முழுக்க இறங்கி, தாடை அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம் வந்துவிடும். நேரத்தோடு ஏறிவிட்டால் கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடைகளில் ஒதுங்கி, ஒரு பிளேன்டீ குடித்து, நேரம் பார்த்து மேலே போங்கள்.

நடையைப் பற்றி ஒன்று. முதல் பகுதி தேயிலைத் தோட்டத்தினூடாகக் கிட்டத்தட்டச் சமதரையாகப் போகும். அங்கே வேகமாக நடந்து சக்தியைச் செலவழிக்கிறவர்கள், ஜப்பானியப் பிக்குகள் கட்டிய சமாதான தாதுகோபத்தையும் சீதகங்குல ஓடையையும் தாண்டிப் படிகள் தொடர்ச்சியாக வந்ததும் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவார்கள். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேசக்கூடியதாக இருந்தால் உங்கள் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் குறையுங்கள். ஓய்வு மூன்று, நான்கு நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் தசை குளிர்ந்து, எழுந்திருப்பதே பெரிய பாடாகிவிடும்.

கேள்வி: இரத்தினபுரிப் பாதையில் போனால் புண்ணியம் கூட என்கிறார்கள். புதியவர்கள் அந்த வழியாகப் போகலாமா?
– வாசகர், கொழும்பு 13

புண்ணியத்தின் கணக்கை நாங்கள் சொல்ல முடியாது, ஏற்றத்தின் கணக்கைச் சொல்கிறோம். பலாபத்தல வழியாகப் போகும் இரத்தினபுரிப் பாதை 500 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் தொடங்குகிறது. ஆகவே 1700 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நல்லதண்ணிப் பாதையோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். தூரமும் 10 கிலோமீட்டரைத் தாண்டும். ஏற மட்டும் 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். குருவிட்ட – எரத்ன வழியும் அப்படித்தான் கடினமானது.

ஆனால் காட்டைப் பார்க்க வேண்டுமானால் அதைவிட நல்ல பாதை இல்லை. தாழ்நில மழைக்காட்டில் தொடங்கி, மலைக்காட்டைக் கடந்து, பாசி போர்த்திய குட்டை மரங்கள் வரைக்கும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். முன்பே ஒரு முறையாவது நல்லதண்ணி வழியாக ஏறி, மறுநாள் கால்கள் எப்படியிருந்தன என்று தெரிந்துகொண்டவர்கள் இந்த வழியை முயலலாம். பலரும் இரத்தினபுரிப் பக்கமாக ஏறி நல்லதண்ணிப் பக்கமாக இறங்குகிறார்கள். வாகனத்தை மறுபக்கம் வரச்சொல்லும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிடுங்கள், இரு முனைகளுக்கும் இடையே வீதிவழித் தூரம் மிக அதிகம்.

கேள்வி: பையில் என்னென்ன இருக்க வேண்டும்? எடையைக் குறைக்க எதை விடலாம்?
– வாசகி, மட்டக்களப்பு

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். மட்டக்களப்பில் இரவு 26 பாகை என்றால் உச்சியில் 11, 12 அளவில் இருக்கும். காற்று வீசினால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும், சில நாட்களில் உண்மையாகவே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். கரையோரத்தில் இருந்து வருகிறவர்கள் இதை நம்பாமல் மெல்லிய சட்டையோடு வந்து நிற்பதை ஒவ்வொரு பருவத்திலும் காணலாம்.

குளிரைக் கொண்டுவருவது காற்று மட்டுமல்ல, நனைந்த பருத்திச் சட்டையும்தான். ஏறும்போது வியர்வையில் ஊறிய சட்டை மேலே போனதும் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். ஆகவே ஏறும்போது ஒரேயொரு மெல்லிய சட்டை போதும், குளிர்ச்சட்டையைப் பையிலேயே வையுங்கள். உச்சிக்குக் கிட்டே வந்ததும் நனைந்ததைக் கழற்றி, உலர்ந்த சட்டை மாற்றி, அதன்மேல் குளிர்ச்சட்டையும் காற்றுப் புகாத மேலுறையும் போடுங்கள். அந்த ஓர் உலர்ந்த சட்டைதான் பையில் உள்ள எல்லாவற்றிலும் பெறுமதியானது. காதை மூடும் தொப்பி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

மேல் முற்றத்தில் பாதணியோடு போக முடியாது. பனி பட்ட தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டிவரும் என்பதால் தடித்த உலர்ந்த காலுறை ஒரு சோடி கொண்டுபோங்கள். சப்பாத்தைக் கையில் எடுத்துப்போக ஒரு துணிப்பை வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். பருவ காலத்தில் வழியில் வாங்கலாம், ஆனால் மேலே போகப் போக விலை ஏறும், அதைச் சுமந்து வருகிறவரின் தோளை நினைத்தால் அது நியாயமும்கூட. சீதகங்குல ஓடையில் கை கால் கழுவலாம், குளிக்கலாம். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். ஜீவனிப் பொதி இரண்டு, பேரீச்சம்பழம், கடலை, வாழைப்பழம் போதும். நடுவழியில் சோறும் கறியுமாக வயிறு நிறையச் சாப்பிட்டால் ஏற்றத்தில் குமட்டும். விளக்குகள் இருந்தாலும் தலையில் கட்டும் டோர்ச் ஒன்று அவசியம். மின்சாரம் தடைப்பட்டால் படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது அப்போதுதான் தெரியும்.

எதை விடலாம் என்றால், குடையை விடுங்கள். காற்றில் அது நிற்காது, கையும் ஓய்வில்லாமல் போகும். மழை மேலங்கிதான் சரி. பொலித்தீன் பைகளையும் வீட்டிலேயே விடுங்கள். நுழைவில் சோதிப்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மலையில் விழும் ஒவ்வொரு பையையும் ஒருவர் முதுகில் சுமந்துதான் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஓடையில் போய்ச் சேரும்.

கேள்வி: ஏறும்போது ஒன்றும் செய்யவில்லை. இறங்கிய மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. எனக்கு 34 வயதுதான். ஏன் இப்படி?
– வாசகர், திருகோணமலை

மலையின் உண்மையான சோதனை இறக்கம்தான், அதற்குத்தான் எவரும் ஆயத்தம் செய்வதில்லை.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே, விழப்போகும் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது தசை நார்களில் மிக நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. அந்த வலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அத்தோடு ஒவ்வொரு படியிலும் முழங்காலில் உடல் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. 5500 தடவை அப்படி.

இறங்கும் விதத்தை மாற்றினால் பாதி வலி குறையும். முழங்காலை நேராக விறைத்து வைத்துக் குதிக்காதீர்கள். சற்று மடித்து, முன்பாதத்தால் தொட்டு, பிறகு குதிகாலை இறக்குங்கள். உயரமான படிகளில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள், பத்துப் படிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். கைப்பிடி இருக்கும் இடமெல்லாம் பிடியுங்கள். ஊன்றுகோல் ஏறுவதைவிட இறங்கத்தான் உதவும், நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டு, காலுக்கு முன் கோலைக் கீழ்ப்படியில் வையுங்கள். இளைஞர்கள் சிலர் ஓடி இறங்குவார்கள். அவர்களோடு போட்டி வேண்டாம். பனி ஈரத்தில் தேய்ந்த படி கண்ணாடிபோல வழுக்கும்.

போவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல்கள் சப்பாத்தின் முனையில் மோதி நகம் கறுத்துப்போவது பலருக்கும் நடக்கிறது. இறங்கத் தொடங்குமுன் கணுக்காலில் நாடாவை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சரியாது. புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறைக்கு ஆறு வாரம் முன்பே பயிற்சி தொடங்குங்கள். 15 முதல் 20 சென்ரிமீட்டர் உயரமான ஒரு படியில் நின்று, ஒரு காலை முன்னால் மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்தில் தரைக்கு இறக்கி மீண்டும் மேலே வாருங்கள். ஒரு காலுக்குப் பத்து வீதம் மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். மாடிப்படி ஏறிப் பழகினால் போதும் என்று எண்ணி, இறங்க மட்டும் மின்தூக்கியைத் தேடுகிறவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது அந்த இறக்கம்தான்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. எப்படியாவது ஒரு தடவை ஏற வேண்டும் என்கிறா. உயரத்தில் மூச்சு முட்டும் நோய் வருமா?
– வாசகி, கிளிநொச்சி

உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். இந்த மலை அதற்குக் கீழே. அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் அது ஏற்றத்தின் உழைப்பு. அதனாலேயே அதை இலேசாக எடுக்கவும் கூடாது. நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி முதலுதவி நிலையத்துக்குச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.

போகுமுன் வைத்தியரிடம் காட்டி, நடக்கும் நாளில் நீரிழிவு மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நான்கு ஐந்து மணி நேரம் தொடர்ந்து நடக்கும்போது சீனி திடீரென இறங்கலாம். கை நடுக்கம், தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீர் கொடுங்கள். இரவில் நடந்து சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அம்மாவுக்கு வேண்டாம். பருவ காலத்து வாரநாளில், காலை 6 மணிக்குத் தொடங்கி, பகல் வெளிச்சத்தில், நினைத்த இடமெல்லாம் உட்கார்ந்து போகட்டும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் அப்படித்தான் ஏறுகிறார்கள். பாதி வழியில் திரும்பினாலும் அம்மா போன பயணம் பயணம்தான்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது?
– வாசகர், புத்தளம்

பருவ காலத்தில் நல்லதண்ணிப் படிகளில் அட்டை குறைவு. இரத்தினபுரி, எரத்னப் பாதைகளிலும் மழை நாட்களிலும்தான் தொல்லை. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துவிடுங்கள். உப்பும் தேய்க்கலாம், மழையில் கரைந்துவிடும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். நகத்தின் விளிம்பை அதன் மெல்லிய முனையின் பக்கமாகத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை உள்ளே விடுவதால் இரத்தம் நெடுநேரம் கசியும். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, கழுவி, பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

கேள்வி: சூரியன் உதித்ததும் மலையின் நிழல் முக்கோணமாக விழுகிறது. மலையே கூம்பு வடிவம் என்பதாலா?
– வாசகர், பேராதனை

அழகான கேள்வி. உதயம் பார்த்த கையோடு எல்லாரும் கிழக்கையே படமெடுத்துக்கொண்டு நிற்க, பின்பக்கம் இந்த அதிசயம் நடந்து முடிந்துவிடுகிறது.

மலையின் வடிவம் அதற்குக் காரணமல்ல. சதுரப் பெட்டிபோல ஒரு மலை இருந்து, அதன் உச்சியில் நின்று பார்த்தாலும் முக்கோணம்தான் தெரியும். நிழலின் இரு ஓரங்களும் உண்மையில் ஏறத்தாழச் சமாந்தரமாக வெகுதூரம் ஓடுகின்றன. நேரான தண்டவாளத்தில் நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோலத் தெரிகிறதல்லவா? அதே காட்சிதான் இது. நீங்கள் நிழலின் தொடக்கத்தில் நிற்பதால், சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியில் அது கூராகிறது.

நீளத்தைக் கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 1 பாகை உயர்ந்திருக்கும்போது 2243 மீட்டர் உயர மலையின் நிழல் சுமார் 128 கிலோமீட்டர் நீளும். அதாவது மேற்குக் கரையையும் தாண்டிக் கடலுக்குள் போய்விடும். நம் நாட்டில் சூரியன் ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு 1 பாகை வீதம் ஏறுகிறது. 20 நிமிடத்தில் நிழல் 25 கிலோமீட்டராகச் சுருங்கி, அடிவாரத்துத் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் மேல் படுத்துவிடும். ஆகவே சூரியன் தலை காட்டியதும் இரண்டு நிமிடம் கிழக்கைப் பார்த்துவிட்டு உடனே மேற்கு ஓரத்துக்குப் போங்கள். கீழே மெல்லிய மூடுபனி பரந்திருக்கும் நாளில் நிழல் மிகத் தெளிவாக விழும். பனி உச்சியையே மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் நிழலின் முனை சற்று வடமேற்காகவும், மே மாதத்தில் சற்றுத் தென்மேற்காகவும் சாய்ந்திருக்கும்.

கேள்வி: பாதம் யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? மன்னர்கள் காலத்திலேயே இந்த யாத்திரை இருந்ததா?
– ஆசிரியை, நுவரெலியா

நான்கு பதில்களையும் சொல்லிக் கொடுங்கள். சைவர்களுக்கு அது சிவனின் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபி இறங்கிய இடம், கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையாரின் அடிச்சுவடு. பாறையில் உள்ள தடம் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம். இத்தனை சமயத்தவரும் ஒரே படியில் ஏறி, ஒரே கடையில் தேநீர் குடித்து இறங்குகிற மலை உலகில் அரிது. பிள்ளைகள் அதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பாதத்துக்குரிய இடத்தில் மட்டும் படமெடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

யாத்திரை மிகப் பழையது. முதலாம் விஜயபாகு மன்னன் (1055 – 1110) யாத்திரிகர்களின் உணவுக்கும் தங்குவதற்கும் நிலங்களை விட்டதை அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. நிசங்கமல்லன் (1187 – 1196) மலையேறி வணங்கியதை உச்சிக்குக் கிட்டேயுள்ள பகவாலென குகையில் கல்வெட்டாகப் பொறித்தான். சீதாவாக்கையின் முதலாம் இராசசிங்கன் (1581 – 1593) சைவனாகி, மலையின் பொறுப்பை ஆண்டிகளிடம் கொடுத்தான். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747 – 1782) காலத்தில் அது மீண்டும் பிக்குகளிடம் போனது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டியது 1344ஆம் ஆண்டுக் கதை. மொரோக்கோவிலிருந்து உலகம் சுற்றிய இப்னு பதூதா புத்தளம் பக்கமாகக் கரையிறங்கியபோது அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்குப் போய்வருகிற நான்கு யோகிகளையும், பிராமணர் மூவரையும், வேறு துணையாட்களையும், பொருள் சுமக்க 15 பேரையும் சேர்த்து அனுப்பி வைத்தான். முஸ்லிம் பயணிக்கு இந்து யோகிகள் வழிகாட்டினார்கள். செங்குத்தான பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும் இரண்டு பாதைகள் இருந்ததையும் இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: ஓகஸ்ட் மாதத்தில் கூட்டமில்லாமல் தனியாக ஏறலாமா?
– வாசகர், தெஹிவளை

தனியாக வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் விளக்கில்லை, கடையில்லை, காற்று ஆளைத் தள்ளும், நாள்கணக்கில் உச்சி முகிலுக்குள் கிடக்கும். ஒரு கணுக்கால் பிசகினாலும் உதவி வரப் பல மணி நேரமாகும். குறைந்தது மூவராக, பகலில், ஊரில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். படிப்பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் போகவே கூடாது. அது 1940இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதி, சிறுத்தைகள் வாழும் இடமும்கூட.

கேள்வி: மலையிலிருந்து இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராமல் இரண்டு நாள் தங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, நீர்கொழும்பு

இந்தக் கேள்வி வந்ததற்கே மகிழ்ச்சி. இரவு முழுக்க நடந்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வாகனம் ஓட்டி வீடு திரும்புகிறவர்கள் ஏறிய மலையைவிட ஆபத்தான காரியத்தைச் செய்கிறார்கள். இறங்கியதும் குளித்து, சாப்பிட்டு, பிற்பகல் வரை தூங்குங்கள். பிறகு தொடங்கலாம்.

முதலில் மவுசாகலை நீர்த்தேக்கம். மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் கட்டி முடித்த அணை இது. பழைய மஸ்கெலியா நகரம் அதன் அடியில் கிடக்கிறது. இன்றைய மஸ்கெலியா மேட்டில் புதிதாக எழுந்த ஊர். வறட்சியில் நீர் இறங்கும் காலத்தில் பழைய வழிபாட்டிடங்களின் கட்டடங்கள் வெளியே தெரியும். அப்போது ஊர்ப் பெரியவர்கள் பார்க்க வருவார்கள், அவர்கள் பேச விரும்பினால் கேளுங்கள். சேற்றுக்குள் மட்டும் இறங்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்து தெரியும், உள்ளே இடுப்பளவு புதையும்.

அடுத்தது காசல்ரீ. கெஹெல்கமு ஓயாவின் குறுக்கே 1965இல் வந்த நீர்த்தேக்கம். இந்த இரண்டு ஓயாக்களும் சேர்ந்ததுதான் களனி கங்கை. கொழும்பில் குழாயில் வரும் தண்ணீர் நீங்கள் ஏறிய மலையின் சரிவில் பெய்த மழை. களு கங்கையும் வளவை கங்கையும் இதே மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. இந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நெடுங்காலம் வாதாடியதன் பயனாக 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அருகிலுள்ள லக்ஷபான நீர்வீழ்ச்சியின் உயரம் 126 மீட்டர். அணைகளின் நீர் எந்நேரமும் திறந்துவிடப்படலாம் என்பதால் கீழ்ப்பாறைகளில் குளிக்க வேண்டாம்.

காசல்ரீக் கரையில், டிக்கோயாப் பக்கம், 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் நிற்கிறது. கருங்கல் கட்டடமும் தோட்டத்துரைமாரின் கல்லறைகளுமாக அமைதியான இடம். அந்தக் கல்லறைகளில் பெயர் உண்டு. கோப்பியும் தேயிலையும் நட இங்கே வந்து மாண்ட நம் மக்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அங்கே நிற்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போனால் சென் மேரிஸ் தேவாலய வளவில் யூலியா மார்கரெட் கமரோனின் கல்லறை இருக்கிறது. ஒளிப்படக் கலையின் தொடக்க கால மேதைகளுள் ஒருவர். கணவரின் தோட்டங்கள் இங்கே இருந்ததால் முதுமையில் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். உச்சியில் நூறு படமெடுத்தவர்கள் போகும் வழியில் அவருக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போகலாம்.

திரும்பும் நாளில் நேரமிருந்தால் 1262 மீட்டர் உயரத்திலுள்ள ஹட்டன் நிலையத்தில் ரயிலேறித் தலவாக்கலை வரை போய்வாருங்கள். ஹட்டனை விட்டதும் 562 மீட்டர் நீளச் சிங்கமலைச் சுரங்கம், அதைக் கடந்து கொட்டகலை தாண்டினால் 97 மீட்டர் டெவோன், 80 மீட்டர் சென் கிளயர் நீர்வீழ்ச்சிகள். கொழும்பு வீதியால் இறங்குகிறவர்கள் கித்துல்கலையில் பெலிலெனக் குகைக்குத் திரும்பலாம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனித எச்சங்கள் கிடைத்த இடம். கடைசிப் பகுதி காட்டேற்றம், உங்கள் தொடைகள் சம்மதித்தால் மட்டும்.

கேள்வி: இந்த மலையின் சிங்களப் பெயரான 'சமனல கந்த' என்றால் வண்ணத்துப்பூச்சி மலையாமே. உண்மையிலேயே வருகின்றனவா?
– மாணவி, பதுளை

வருகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கூட்டங்கூட்டமாக மலைப்பக்கம் பறந்து போவதைப் பார்க்கலாம். மலையில் உயிர்விடப் போகின்றன என்பது மக்கள் நம்பிக்கை. உணவுச் செடிகளையும் பருவக்காற்றையும் ஒட்டிய இடம்பெயர்வு என்பது உயிரியல் விளக்கம். பெயருக்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள், மலையின் காவல் தெய்வம் சமன்.

கேள்வி: உச்சியில் உள்ள மணியை எத்தனை தடவை அடிக்க வேண்டும்?
– வாசகர், மன்னார்

எத்தனையாவது முறையாக ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை. முதல் முறை என்றால் ஒன்றே ஒன்று. பாதத்தை வணங்கிய பின் அடிப்பதுதான் முறை. பின்னால் வரிசை நிற்கும், அடித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுங்கள்.